இடது கதவு ஸ்பீக்கர்

கார் சீட் தைக்கிற பெரியவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காரின் கதவைப் பிரித்தாலும், திருகுகளை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக, கழற்றிய வரிசையிலேயே போட்டுவைப்பாள். முதல் குழியில் கைப்பிடித் திருகு, அடுத்ததில் கண்ணாடி ஏற்றும் பிடியின் திருகு, கடைசிக் குழிகளில் அடி ஓரத்துத் திருகுகள். வேலை முடிந்து ஒன்று மிஞ்சினால் கதவை மறுபடி பிரிப்பாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள்தான். ஆனாலும் அவளுடைய வேலை நோட்டில் இருபது வருஷத்துக் கார்கள் படத்தோடு இருக்கின்றன. எந்தக் காருக்கு எந்தத் துணி, எத்தனை அங்குல மடிப்பு, தையல் எங்கே வளைகிறது, எல்லாம்.

தங்கை சின்னவள் அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். பழக்கத்தில் அதைவிடத் தூரம். ஸ்பேனரைத் தேடி அரை நாள் போக்குவாள், அது அவள் இடுப்பிலேயே சொருகியிருக்கும். ஆனால் அவள் காது இருக்கிறதே, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரியவள் கையிலிருக்கும் ஊசியைக் கீழே வைத்துவிடுவாள்.

"ஆறு வயசுல, சமையக்கட்டுல உக்காந்துக்கிட்டு, 'அக்கா, உன் மிஷினுக்குத் தாகமா இருக்கு'ன்னா. எண்ணெய்க் குழியைத் திறந்து பாத்தா காஞ்சு கெடக்கு" என்று சீட் தைக்க வருகிற எல்லோரிடமும் சொல்வாள். ஒன்பது வயதில் சின்னவள் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் பூட்டிய கதையும் தொடர்ந்து வரும். பூட்டி முடித்தபோது ஒரு திருகு மிஞ்சியது. ரேடியோவோ முன்னைவிடத் தெளிவாகப் பாடியது. பெரியவள் வாழ்நாளில் மன்னித்த ஒரே மிச்சத் திருகு அதுதான். கூட இருந்து பார்த்துக்கொள்ளாமல் விட்டதற்கு அடி வாங்கியது பெரியவள். அதையும் பெருமையாகவே சொல்வாள்.

தெருவில் சின்னவளுக்குப் பெயரே பாம்புக் காது.

அப்படிப்பட்டவள் மூன்று வருஷமாக, கார் அலங்காரச் சாமான் கடையில் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். சென்ட் பாட்டில், தரைவிரிப்பு, ஸ்டீயரிங் உறை எல்லாம் எடுத்துக் கொடுப்பாள். பின்பக்கத்துக் கொட்டகையில் ஸ்டீரியோ பூட்டும் வேலை நடக்கும். அங்கே மட்டும் அவளை விடமாட்டார் முதலாளி.

"டேஷ்போர்டுக்கு அடியில ஒரு பொண்ணு தலைகீழாக் கெடந்து வேலை பாத்தா, வர்ற கஸ்டமர் என்னம்மா நினைப்பான்?"

"வேலை சீக்கிரம் முடியுதேன்னு நினைப்பான், சார்" என்று அவள் சொன்னதற்கு முதலாளி சிரித்துவிட்டுப் போனார். ஆனால் இடம் மட்டும் கிடைக்கவில்லை. பூட்டுகிறவர்கள் மத்தியானம் சாப்பிடப் போகிற நேரத்தில் கொட்டகைக்குள் நுழைந்து, அவர்கள் பாதியில் விட்ட ஒயர்களைப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் பட்டறையில், யாரோ போட்டுவிட்டுப் போன உடைந்த டேஷ்போர்டில் பூட்டிப் பார்ப்பாள். உட்கார அக்காவின் கிழிந்த சீட்டு, பாட்டுக்கு ஒரு பழைய பேட்டரி.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை டிரைவிங் டீச்சர் அந்தக் கடைக்கு வந்தார்.

ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். சின்னவளுக்கும் அவர்தான். முப்பது வருஷம் கற்பித்து முடித்து, பள்ளியை மகள் கையில் கொடுத்துவிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரோடு ஆறு நாள் கார்ப் பயணம் கிளம்பவிருந்தார். அதற்கு முன்னால் காரில் நல்லதாக ஒரு ஸ்டீரியோ வேண்டும்.

"எனக்குப் பாட்டு முக்கியமில்ல" என்றார் டீச்சர். "எங்க வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தணும். பாட்டு ஓடினாத்தான் அவர் வாயை மூடுவார். ஆனா காது கொஞ்சம் மந்தம். இப்ப இருக்கிற ஸ்டீரியோ முனகறது அவருக்குக் கேக்காது. கேக்கலேன்னா பேச ஆரம்பிச்சிடுவார். ஆறு நாள், நினைச்சுப் பாருங்க."

முதலாளி நினைத்துப் பார்த்தார். புது ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபையர், பெரிய ஸ்பீக்கர் நான்கு. அதற்காகக் கதவுகளில் ஓட்டையை அகலமாக வெட்ட வேண்டும் என்றார்.

"கதவுல கத்தி வைக்கக் கூடாது. ரெண்டு வருஷம் முன்னாடிதான் நம்ம சீட்டுக்காரம்மாகிட்டக் குடுத்துக் கதவுத் துணியெல்லாம் மாத்தினேன். பாருங்க, ஒரு சுருக்கம் இருக்கா? கம்பெனி போட்ட ஸ்பீக்கர் ரெண்டு இருக்குல்ல, அதுலயே பாடட்டும்."

"அதுல ஆம்ப்ளிஃபையரைக் குடுத்தா கிழிஞ்சு தொங்கும்மா."

"கிழியாது" என்று ஒரு குரல் கேட்டது. கவுண்டருக்குப் பின்னாலிருந்து சின்னவள்தான். "அளவாக் குடுத்தாக் கிழியாது. அது நல்ல ஸ்பீக்கர் சார். இதுவரைக்கும் யாரும் அதுக்கு வயிறாரச் சோறு போட்டதில்ல, அவ்வளவுதான்."

முதலாளி கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் கஸ்டமர் முன்னால் மூக்கு உடைந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"அப்படின்னா நீயே போட்டுக் காட்டு. இங்க இல்ல, வெளிய. இந்த வாரம் உனக்கு லீவுன்னு எழுதிக்கிறேன். திங்கக்கிழமை கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து நின்னேன்னா ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, பாம்புக் காது. சனிக்கிழமை நாலு மணிக்கு வருவேன். அவர் காதுக்குக் கேக்கணும், கதவுல கீறல் இருக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு தவறினாலும் பழையதையே மாட்டிக் குடுத்துடு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட சின்னவள், அன்று சாயங்காலம் பட்டறைக்கு வந்ததும் நீலக் கோட்டைக் கழற்றிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள். "அக்கா, சனிக்கிழமை இது சரியா வந்தா, உன் பட்டறையில பாதி எனக்கு. இங்கயே ஸ்டீரியோ பூட்ற வேலை ஆரம்பிக்கிறேன். வரலேன்னா திங்கக்கிழமை அந்தக் கோட்டை மாட்டிக்கிட்டுப் போயிடுவேன். ஆயுசுக்கும் சென்ட் பாட்டில் விக்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன்."

"நீயாவது, வாயைத் திறக்காம இருக்கிறதாவது" என்றாள் பெரியவள். ஆனால் அன்றைக்கே நூல் அலமாரியை நகர்த்தி, பட்டறையின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டாள். இருபுறமும் அளந்து பார்த்து, தங்கையின் பக்கம் அரை அடி கூடுதலாக விட்டாள்.

வியாழக்கிழமை கார் வந்தது. அடுத்த இரண்டு நாளும் பெரியவளுக்குத் தையல் ஓடவில்லை. தங்கை வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பதே வேலையாகிவிட்டது. தன் பொருளை எங்கே வைத்தோம் என்றுகூடத் தெரியாத இவள், காருக்குள் நுழைந்ததும் வேறு ஆளாகிவிடுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அலுக்கவில்லை.

பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு ஒயரில், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வைத்தாள் சின்னவள். என்ஜினுக்கும் சீட்டுகளுக்கும் நடுவே உள்ள இரும்புச் சுவரைத் தாண்டும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டாள், நாளைக்கு உரசி அறுந்துவிடக் கூடாதே. கரண்ட் ஒயரை ஒரு பக்கமாகவும், பாட்டு ஒயரை மறுபக்கமாகவும் கொண்டுபோனாள்.

"ரெண்டையும் சேத்துக் கட்டினா அழகா இருக்குமே" என்றாள் பெரியவள்.

"அழகாத்தான் இருக்கும். வண்டியைக் கிளப்பினதும் பாட்டோட சேந்து என்ஜினும் ஊளையிடும்."

ஆம்ப்ளிஃபையருக்கு இடம் பக்கத்து சீட்டுக்கு அடியில். அங்கே பெரியவள் களத்தில் இறங்கினாள். தரைவிரிப்பைக் கீறாமல் தையலைப் பிரித்து, ஒயரை உள்ளே விட்டு, அதே துளைகளில் ஊசியைக் கோத்துத் தைத்தாள். எர்த் ஒயருக்காகச் சின்னவள் சீட் போல்ட்டுக்குக் கீழே பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தாள். கதவுகளைத் தொடவே இல்லை. ஸ்டீரியோவுக்குப் பின்னால், கதவுக்குப் போகும் பழைய ஒயர்களைப் பிடித்து, கோடு போட்டதைக் கோடு போட்டதோடும், போடாததைப் போடாததோடும் சேர்த்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாட்டு வந்தது.

பெரியவள் கைதட்டப் போனாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

சத்தம் இருந்தது, உயிர் இல்லை. பாடுகிறவர் முன்னால் நின்று பாடாமல், தலைக்குப் பின்னால் எங்கோ ஒளிந்துகொண்டு பாடுவது போலிருந்தது. டிரம்ஸ் ஒலிக்க வேண்டிய இடத்தில் யாரோ தகர டப்பாவைத் தட்டினார்கள். சின்னவள் சத்தத்தைக் கூட்டினாள். டப்பா பெரிதானது, அவ்வளவுதான்.

ஆம்ப்ளிஃபையரின் சத்தம் கூட்டும் திருகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். இணைப்புகளை எல்லாம் மூன்று தடவை எண்ணிப் பார்த்தாள். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. கடைசியில் கார் ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"முதலாளி சொன்னதுதான் சரி போல. ஸ்பீக்கருக்கு வயசாயிடுச்சு. நான்தான் எடுத்தேன் கவிழ்த்தேன்னு பேசிட்டேன்." அவள் பார்வை ஆணியில் தொங்கிய கோட்டின் மேல் போனது.

பெரியவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "ஒரு சீட்டு கோணினா நான் முழுசாப் பிரிக்க மாட்டேன். மொதல்ல ஒரு பக்கத்தை மூடிக்கிட்டு அடுத்த பக்கத்தைப் பாப்பேன்."

சின்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். எழுந்து ஸ்டீரியோவில் சத்தத்தை வலது பக்கத்துக்கு மட்டும் தள்ளினாள். வலது கதவு கும்மென்று முழங்கியது. இடது பக்கம் தள்ளினாள். இடது கதவும் அப்படியே முழங்கியது. நடுவில் கொண்டுவந்தாள். மறுபடி தகர டப்பா.

"அடிப்பாவி" என்றாள், யாரையோ பாராட்டுவதுபோல. "தனித்தனியா ரெண்டு பேரும் நல்லாப் பாடறாங்க, சேத்து வெச்சா சண்டை. அக்கா, டார்ச்சைக் குடு. டார்ச்சுக்குள்ள இருக்கிற பேட்டரியில ஒண்ணை எனக்குக் குடுத்துட்டு, வேற டார்ச்சை நீ அடி."

ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி, வலது கதவின் இரண்டு ஒயர்களைச் சின்னப் பேட்டரியின் இரு முனைகளிலும் தொட்டாள். பெரியவள் கதவின் வலைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"தொடும்போது அந்தக் காகிதக் கூம்பு எந்தப் பக்கம் போகுது?"

"வெளிய வருது. என்னைப் பாத்து."

இடது கதவு. அதே பேட்டரி, அதே முனைகள்.

"உள்ள போகுது."

"அதான் விஷயம். ஒண்ணு காத்தை வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுக்குது. டிரம்ஸ் ரெண்டுக்கும் நடுவுல காணாமப் போயிடுது. இடது ஸ்பீக்கர்ல ஒயர் மாறியிருக்கு." சின்னவளுக்கு முகமெல்லாம் பல். "ஞாயித்துக்கிழமை பூட்டிப் பாக்கறப்பல்லாம் மொதல்ல பேட்டரி வெச்சுப் பாத்துட்டுத்தான் ஒயரையே தொடுவேன். இதுக்கு மட்டும் பாக்கல. நீ கை வெச்ச கதவாச்சே, என்ன தப்பு இருக்கப் போகுதுன்னு விட்டுட்டேன். கம்பெனிக்காரனே மாத்திப் பூட்டி அனுப்பியிருக்கான் பாரு. நீயும் அதைக் கழட்டின மாதிரியே திருப்பி மாட்டியிருப்ப."

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை.

கழற்றிய மாதிரியே அவள் திருப்பி மாட்டவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடது கதவைப் பிரித்தபோது, ஸ்பீக்கரின் பிளாஸ்டிக் கிளிப் நைந்துபோய்க் கையோடு வந்துவிட்டது. ஒயர் இரண்டும் தனித்தனியே தொங்கின. எது எங்கே இருந்தது என்று பார்ப்பதற்குள் ஸ்பீக்கர் கையில் புரண்டுவிட்டது. அவள் பதறவில்லை. கிளிப் உடையாத வலது கதவு இருக்கிறதே, அதைப் பிரித்துப் பார்த்துச் சேர்த்தாள். சேர்த்த விதம்தான் தவறு.

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றாமல் இல்லை. கம்பெனிக்காரன் எங்கோ இருக்கிறான், வந்து சண்டை போடப் போவதில்லை. தங்கையும் ஆம்ப்ளிஃபையர் பக்கமே ஒயரை மாற்றிவிட எழுந்துவிட்டாள்.

பெரியவள் அலமாரியைத் திறந்து வேலை நோட்டை எடுத்தாள். பக்கத்தைப் புரட்டித் தங்கையின் முன்னால் நீட்டினாள்.

டீச்சர் காரின் வலது கதவு, அளவோடும் அம்புக்குறியோடும் வரைந்திருந்தது. ஸ்பீக்கர் வட்டம், அதில் இரண்டு முனைகள், 'கோடு போட்ட ஒயர் என்ஜின் பக்கம்' என்ற குறிப்பு. அதற்குக் கீழே இடது கதவுக்குப் படம் இல்லை. ஒரே ஒரு வரி: 'இதே மாதிரி, கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பி.'

சின்னவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு காரின் பானெட்டில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள்.

"சிரிக்காதடி. சீட்டுன்னா இடது கை வைக்கிற பக்கத்தை வலதுக்குத் திருப்பித்தான் வெட்டணும். இருபது வருஷமா அதைத்தான் செய்யறேன். வலதுல கோட்டு ஒயர் என்ஜின் பக்கம் இருந்துச்சு, இடதுலயும் என்ஜின் பக்கமே வெச்சேன்."

"அக்கா, ஸ்பீக்கர் என்ன கையுறையா, இடது வலதுன்னு ஜோடி போட? ரெண்டும் ஒரே அச்சுல வார்த்தது. அந்தக் கதவுல என்ஜின் பக்கம் வர்ற முனை, இந்தக் கதவுல பின் சீட்டுப் பக்கம் போயிடும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவு சுத்தமா யாரும் தப்பு பண்ண முடியாது. ரெண்டு வருஷமா டீச்சர் கண்டுபிடிக்கலையே?"

"அவங்க செய்தி மட்டும்தான் கேப்பாங்க. செய்தி வாசிக்கிறவங்களுக்கு ஏது டிரம்ஸ்?"

"சரி, நகரு. ஆம்ப்ளிஃபையர்லயே மாத்திச் சொருகிட்டா ஒரு நிமிஷ வேலை."

"வேண்டாம்" என்றாள் பெரியவள். முட்டை அட்டையை எடுத்துத் தரையில் வைத்தாள். "கோணின தையலை அதே இடத்துலதான் பிரிக்கணும். நாளைக்கு வேற யாராவது இந்தக் கதவைத் திறந்தா, நிறம் ஒண்ணு, இணைப்பு ஒண்ணுன்னு தலையைப் பிச்சுக்குவாங்க. நீ போய் முகம் கழுவு."

முதல் குழியில் கைப்பிடித் திருகு. கதவுத் துணியில் நகம்கூடப் படாமல் உள்பலகையைக் கழற்றி எடுத்தாள். ஸ்பீக்கரின் பின்புறத்துத் தூசியைத் துணியால் துடைத்தபோது, ஒரு முனையின் அருகே கடுகளவு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அந்தப் புள்ளியைப் பார்த்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒயரை மாற்றிச் சேர்த்து, பேட்டரி வைத்து, கூம்பு வெளியே வருவதைத் தன் கண்ணாலேயே பார்த்த பிறகுதான் மூடினாள். ஒரு திருகும் மிஞ்சவில்லை.

அதன்பிறகு காருக்குள் சின்னவள் தனியாக உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, ஆம்ப்ளிஃபையரின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். பழைய ஸ்பீக்கர் தாங்காத ஆழமான அடிச்சத்தத்தை முதலிலேயே வடிகட்டிவிட்டாள். ஓரிடத்தில் குரலில் பிசிறு தட்டியதாம். பெரியவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சின்னவள் அந்த இடத்திலிருந்து கால் சுற்று இறக்கி, "வயிறு நிறைஞ்சுது, இதுக்கு மேல ஊட்டக் கூடாது" என்று கையை எடுத்தாள்.

நாலு மணிக்கு டீச்சர் வந்தார். கூடவே கணவர், வாசலிலேயே பேசிக்கொண்டு. இந்தப் பட்டறைக்கு வரும் வழியில் எத்தனை வளைவுகள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் நேரே கதவுகளிடம் போய்க் கண்ணாடியைப் பரிசோதிப்பதுபோல இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. கணவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, தான் ஸ்டீயரிங் முன்னால் அமர்ந்து, என்ஜினைக் கிளப்பினார்.

"நாளைக்கு ஓடற மாதிரிதானே கேக்கணும். போடு."

சின்னவள் ஜன்னல் வழியே கையை விட்டுப் பொத்தானை அழுத்தினாள். பெரியவள் சாக்பீஸ் கோட்டின் மேல் நின்றிருந்தாள். எந்தப் பக்கமும் நகரவில்லை.

டேஷ்போர்டின் நடுவில் யாரோ வந்து நின்று பாடினார்கள். டிரம்ஸ் கதவுகளுக்குள்ளிருந்து புறப்பட்டு முதுகில் தட்டியது. டீச்சரின் கணவர் வளைவுகளைப் பற்றிய பேச்சைப் பாதியில் நிறுத்தினார். இடது கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்படியே அரைப் பாட்டு வரை பேசவில்லை.

டீச்சர் கணவரைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார், மறுபடி கணவரைப் பார்த்தார். "நின்னுடுச்சு" என்றார் மெதுவாக.

அப்போது கணவர் வாயைத் திறந்து பாட ஆரம்பித்தார். ஸ்டீரியோவைவிடச் சத்தமாக, தலையை ஆட்டி, கதவில் தாளம் போட்டுக்கொண்டு. சுருதி வேறு எங்கோ இருந்தது.

டீச்சர் ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பெரியவள் பயந்துவிட்டாள். நிமிர்ந்தபோது அந்த முகத்தில் சிரிப்பு.

"பேச்சை நிறுத்தச் சொன்னா பாட வெச்சுட்டியேடி. இவர் பாடி நான் கேட்டுப் பதினஞ்சு வருஷம் ஆச்சு."

"பழையதையே மாட்டிடவா, டீச்சர்?" என்றாள் சின்னவள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"கையை எடு காரை விட்டு." டீச்சர் கியரை மாற்றினார். "உங்க முதலாளி கடை வழியாத்தான் வீட்டுக்குப் போறேன். கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டு, ரெண்டாவது கியர்ல."

தெருமுனை திரும்பும்வரை இரண்டு குரல்களும் கேட்டன. அதற்கப்புறமும் சின்னவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். பெரியவள் அதற்குள் உள்ளே போய்விட்டாள். வேலை நோட்டில் இடது கதவுக்குப் புதிதாகப் படம் வரைந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தாள். பிறகு ஆணியிலிருந்து நீலக் கோட்டை எடுத்து மேஜையில் விரித்தாள்.

திங்கட்கிழமை காலை சின்னவள் வந்தபோது, சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம், அவளுடைய பாதிப் பட்டறையில், இரண்டு முழங்கால் மெத்தைகள் கிடந்தன. உள்ளே சீட்டுப் பஞ்சு, வெளியே நீலத் துணி, சுற்றிலும் இரட்டைத் தையல். நீலக் கோட்டின் மிச்சமாக ஆணியில் காலர் மட்டும் தொங்கியது.

டேஷ்போர்டுக்கு அடியில் மண்டியிட்டு வேலை பார்க்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? சின்னவள் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். அடியில் சாக்பீஸால் 'இ' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'வ'.

"அக்கா, இதுலயுமா?"

"முழங்காலுக்கு இடது வலது உண்டுடி" என்றாள் பெரியவள், தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "வேணும்னா பேட்டரி வெச்சுப் பாத்துக்க."